பிளக்கை இன்னும் ஒரு சுற்று இறுக்காதீர்கள், தயவுசெய்து

மரை போன சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல் பாகம், பிளக் ஏறும் இடம்) ஒன்று மறுபடியும் பட்டறை மேசையில் கிடக்கிறது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தி அவரே ஸ்பார்க் பிளக் மாற்றியிருக்கிறார். மூன்று பிளக் ஏறிவிட்டது. நான்காவதைக் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தபோது ராட்செட் ஸ்பானர் திடீரென்று இலகுவாகிவிட்டது. அதற்குப் பிறகு பிளக் எங்கேயும் பிடிக்கவில்லை, சும்மா சுற்றியது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, லூசா இருந்துடக் கூடாதேன்னுதான் நல்லா இறுக்கினேன்" என்றார்.

இதே வார்த்தைகளை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன். பிளக்கின் விலை சில நூறு ரூபாய். ஹெட்டைக் கழற்றி, மரை போட்டு, கேஸ்கெட் மாற்றி, திரும்பப் பூட்டினால் எவ்வளவு ஆகும் என்பதை அவரிடம் சொல்லவே மனம் வரவில்லை.

வீட்டில் பிளக் மாற்றாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தாராளமாக மாற்றுங்கள். பானெட்டைத் திறந்து பழகுவதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனால் 'எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது' என்ற எண்ணத்தை மட்டும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.

அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். உள்ளே வெடிப்பு நடக்கிறது, அழுத்தம் இருக்கிறது, லேசாக இருந்தால் பிளக் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்ற பயம். ஸ்டெப்னி மாற்றும்போது வீல் நட்டைக் காலால் மிதித்து இறுக்கிய பழக்கமும் கையில் இருக்கிறது. வீல் நட் 100 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அளவு) அளவுக்கு இறுகவேண்டிய பொருள். பிளக்கின் கணக்கே வேறு. அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரை உள்ள பிளக்குக்கு 25 முதல் 30 வரை, 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 வரை, 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 வரை. அவ்வளவுதான் அது கேட்பது.

இந்த எண்கள் கைக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 25 செ.மீ. நீளமுள்ள ராட்செட் கைப்பிடியின் நுனியில் 7 கிலோ எடை இழுத்தால் ஏறக்குறைய 17 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 12 மி.மீ. பிளக்குக்கு அது போதும். அதே கைப்பிடியைக் காலை ஊன்றி இழுத்தால் 20 கிலோ சாதாரணமாக வரும். அது கிட்டத்தட்ட 50 நியூட்டன் மீட்டர். பிளக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டில் எது தோற்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பிளக்கை இறுக்கமாக மூடுவது உங்கள் தோள் பலம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது பிளக்கின் கழுத்தில் இருக்கும் மெல்லிய வாஷர். புது பிளக்கில் அது உப்பலாக இருக்கும். இறுக்கும்போது நசுங்கி, ஹெட்டோடு ஒட்டி உட்கார்ந்து, காற்று கசியாமல் அடைத்துவிடும். அது நசுங்கி முடிந்த பிறகு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கிலோவும் மரையைத்தான் இழுக்கிறது. மரை தாங்கினாலும் பிளக்கின் உடம்பு நீண்டுபோய், உள்ளே இருக்கும் பீங்கானின் பிடி தளர்ந்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. லூசாக விட்டாலும் ஆபத்துதான், அதை மறைக்கமாட்டேன். பிளக் தன் சூட்டை ஹெட்டுக்குள் இறக்குவது மரை வழியாகவும் அந்த வாஷர் வழியாகவும்தான். சரியாக உட்காராத பிளக் சூடேறி நுனியே கருகிப்போகும். அதனால்தான் அளவு என்று ஒன்று இருக்கிறது.

அளவு வைத்து இறுக்கும் டார்க் ரென்ச் இல்லையா? பரவாயில்லை, கடிகார முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். விரலால் திருகித் திருகி, இனி போகாது என்று நிற்கும் இடம் 12 மணி. 14 மி.மீ. புது பிளக் என்றால் அங்கிருந்து 6 மணிக்கும் 8 மணிக்கும் நடுவே நிறுத்துங்கள். ஏற்கெனவே ஒருமுறை பூட்டிக் கழற்றிய பிளக் என்றால் வாஷர் முன்பே நசுங்கிவிட்டது, 1 மணி வரை போதும். வாஷர் இல்லாமல் சரிவான கழுத்தோடு வரும் பிளக்குக்கு 1 மணிக்கும் குறைவு. பிளக் வாங்கிய பெட்டியிலேயே இந்தக் கோணத்தைப் படம் போட்டு அச்சிட்டிருப்பார்கள். தயவுசெய்து பெட்டியைக் கிழித்துப் போடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

மரையில் கிரீஸோ காப்பர் பேஸ்டோ தடவாதீர்கள். பெரிய கம்பெனி பிளக்குகள் பூச்சோடுதான் வருகின்றன. மேலே இன்னொன்றைத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும், அதே பலத்துக்கு அதிகமாக இறுகிவிடும்.

எங்கள் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். காற்றழுத்தத்தில் இறுக்கும் ஏர் கன்னை வைத்து பிளக்கைப் பூட்டும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டியில் யாராவது அப்படிச் செய்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மரை கெடுவதற்கு இரண்டாவது காரணம் கோணலாக ஏற்றுவது. இன்றைய கார்களில் பிளக் ஆழமான குழிக்குள் இருக்கிறது, கண்ணுக்கு மரை தெரியாது. ஏற்றும்போது ராட்செட்டைத் தொடவே கூடாது. எக்ஸ்டென்ஷனையும் சாக்கெட்டையும் வெறும் விரலால் பிடித்து, முதலில் கழற்றும் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சின்ன 'டக்' கையில் தெரியும். மரை மரையோடு பொருந்திய இடம் அது. அங்கிருந்து பூட்டும் பக்கம் திருப்புங்கள். கடைசி வரை விரலாலேயே வரவேண்டும். இரண்டு சுற்றிலேயே கடினமாகிறதா, வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பிளக்கின் பின்பக்கத்தில் ஒரு சாண் ரப்பர் டியூபை மாட்டி அதை வைத்துச் சுற்றுவது இன்னும் நல்லது. கோணலாகப் போனால் டியூப் வழுக்குமே தவிர மரை கெடாது.

எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கில் கை வைக்காதீர்கள். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் வேலை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு ஆரம்பிக்கிறார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

கழற்றும்போது இறுகிப்போயிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம். கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்பப் பூட்டி, மறுபடி கழற்றுங்கள். கொஞ்சம் துரு நீக்கும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். அப்போதும் கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். அந்த நிலையில் வந்த வண்டியைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மரை போன பிறகு டெஃப்லான் டேப் சுற்றிப் பூட்டலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கூடவே கூடாது.

பிளக்கைத் தளர்த்துவதற்கு முன் குழிக்குள் காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள், சைக்கிள் பம்ப் போதும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே எண்ணெய் நின்றால் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் பிளக்கைக் கழற்றவேண்டும். அந்த எண்ணெய் மேல் மூடியின் சீல் போய்விட்டது என்பதன் அடையாளம். அதை மாற்றாமல் புது பிளக் போட்டால் கொஞ்ச நாளில் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலின் ரப்பர் ஊறி மிஸ்ஸிங் (சிலிண்டர் விட்டுவிட்டு எரிவது) ஆரம்பித்துவிடும்.

காயிலைப் பெரும்பாலும் ஒரே ஒரு 10 மி.மீ. தலை போல்ட் பிடித்திருக்கும். காயிலில் ஒயர் வந்து சேரும் கப்ளரின் பூட்டை அழுத்திவிட்டு இழுங்கள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அது, லேசில் உடையும். காயிலை இடம் வலமாகத் திருகி, ரப்பர் விட்டதும் நேராக மேலே தூக்குங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கவேண்டாம். பிளக்குக்கு மேலே காயில் இல்லாமல் நீள ஒயர் வைத்த பழைய எஞ்சின் என்றால் ஒரு நேரத்தில் ஒரு பிளக் மட்டும் மாற்றுங்கள், ஒயர் இடம் மாறாது.

அடுத்து உப்புத்தாள். ஸ்கூட்டர் காலத்தில் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டினோம். அது நிக்கல் பிளக், தாங்கியது. இன்று பல கார்களில் வருவது இரிடியம். அதன் நடு முனை அரை மில்லிமீட்டர் அளவு தடிமன்தான். அதில் உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ பட்டால் பிளக்கின் ஆயுள் முடிந்தது. கேப் (பொறி தாவும் இடைவெளி) அளக்கிறேன் என்று நாணயம் போன்ற கேஜை அந்த முனையில் செருகி நெம்புவதும் அப்படித்தான். உங்கள் வண்டிக்கான சரியான எண் உள்ள பிளக் என்றால் கேப் பெரும்பாலும் சரியாகவே வரும். பெட்டி கீழே விழுந்திருந்தால் மட்டும் அளந்து பாருங்கள். கையிலிருந்து தரையில் விழுந்த பிளக்கைப் போடாதீர்கள், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

எண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிளக்கின் மேல் உள்ள எண்ணில் அதன் வெப்ப அளவும் இருக்கிறது. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் அது குளிர்ச்சியான பிளக், அதாவது தன் சூட்டைச் சீக்கிரம் ஹெட்டுக்குள் இறக்குவது. பாஷ் பிளக்கில் தலைகீழ், எண் கூடினால் சூடான பிளக். கடைக்காரர் 'இதுவும் அதேதான்' என்று வேறு கம்பெனி பிளக்கைக் கொடுத்தால், எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்காதீர்கள். வண்டியின் கையேட்டில் உள்ளதைக் காட்டிக் கேளுங்கள். எத்தனை பிளக் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐயில் நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக். டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. இதைக் கேட்டு இன்னும் போன் வருகிறது.

நிக்கல் பிளக் பொதுவாக 30,000 முதல் 40,000 கி.மீ., இரிடியம் 80,000 முதல் 1,00,000 கி.மீ. வரை ஓடும். சிஎன்ஜி மாட்டிய வண்டியில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அந்த வாயுவைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் தேவை, பிளக் சீக்கிரம் தேயும்.

ஸ்பார்க் வருகிறதா என்று பிளக்கை வெளியே எடுத்து ஹெட்டில் வைத்து ஸ்டார்ட்டர் அடிக்கும் பழக்கத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பக்கத்துத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வந்துகொண்டிருக்கிறது.

எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்தபின் எஞ்சின் ஆடினாலோ செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். பெரும்பாலும் ஒரு கப்ளர் சரியாக உட்கார்ந்திருக்காது. அதைப் பாருங்கள், அப்புறமும் ஆடினால் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், போன் செய்யுங்கள்.

கழற்றிய பிளக்குகளை எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று எழுதி வரிசையாக வையுங்கள். நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எஞ்சின் நலம். வெளிப் பீங்கானின் அடியில் தெரியும் பழுப்பு வளையத்தைப் பார்த்துப் புகை கசிகிறது என்று பயப்படவேண்டாம், அது உயர் மின்னழுத்தத்தால் படியும் கறை, ஒன்றும் செய்யாது. நான்கில் ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் அதைக் குப்பையில் போடாமல் என்னிடம் கொண்டு வந்து காட்டுங்கள்.