பின்னோட்டத் தடுப்பு: இங்கிலாந்து, வேல்ஸ் வீடுகளுக்கான தண்ணீர் விதி

தெருவில் மெயின் குழாய் உடைந்தாலோ, தீயணைப்புப் படையினர் பெருமளவு நீர் எடுத்தாலோ குழாயின் அழுத்தம் சட்டென்று விழும். அந்த நேரத்தில் பூச்சிமருந்து கரைத்த வாளிக்குள் முனை மூழ்கிக் கிடக்கும் தோட்டக் குழாய், மருந்தை அப்படியே குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சிவிடக்கூடும். இத்தகைய பின்னோட்டத்தையும் நீர் வீணாவதையும் தடுக்கும் நீர்ப் பொருத்து (குழாய், வால்வு, தொட்டி போன்ற சாதனங்கள்) விதிகள் 1999 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ளன.

விதிகள் நீரை 5 வகையாகப் பிரிக்கின்றன. குடிக்கத்தக்க நீர் முதல் வகை. கழிவும் நோய்க்கிருமியும் கலக்க வாய்ப்புள்ளது ஐந்தாம் வகை. ஆபத்து கூடக்கூடத் தடுப்பும் வலுவாக வேண்டும். வீட்டுத் தோட்டத்துக் குழாய்க்கு இரட்டைத் தடுப்பு வால்வு, அதாவது நீரைப் பின்னோக்கி விடாத இரண்டு வால்வுகள் அடுத்தடுத்து உள்ள அமைப்பு, போதும். ஐந்தாம் வகைக்கோ எந்தச் சாதாரண வால்வும் போதாது. குழாய் வாய்க்கும் தேங்கும் நீருக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தாக வேண்டும்.

நம்மவர் வீடுகளில் பலரும் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். கழிப்பறைக் கோப்பையை ஒட்டிப் பொருத்தும் ஹெல்த் ஃபாசட்டின் முனை கோப்பைக்குள் இறங்க முடியும் என்பதால், அது ஐந்தாம் வகையில் சேர்கிறது. ஆகவே அதற்கான நீர் மெயின் குழாயிலிருந்து நேராக வரக்கூடாது. காற்று இடைவெளி உள்ள தனித் தொட்டியிலிருந்து வர வேண்டும். கடையில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதால் மட்டும் ஒரு சாதனம் விதிக்கு ஏற்றதாகிவிடாது. நெகிழ்குழாயுள்ள இத்தகைய பிடே (கழிப்பறையில் உடலைக் கழுவும் சாதனம்) வகையைப் பொருத்துவதற்கு முன்பே நீர் நிறுவனத்துக்கு அறிவித்து அனுமதி பெற வேண்டும். 10 வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். அனுமதி கிடைத்தாலும் விதிப்படி பொருத்தும் கடமை நீங்காது.

நான்காம் வகைக்கு, அதாவது நச்சுப்பொருள் கலக்கக்கூடிய தொழிற்கூடம் போன்றவற்றுக்கு, ஆர்.பி.இசட். (Reduced Pressure Zone, குறைந்த அழுத்த மண்டல) வால்வு பயன்படுகிறது. இரண்டு தடுப்பு வால்வுகளுக்கு நடுவே ஒரு வெளியேற்று வால்வு இருக்கும்; தடுப்பு பழுதானால் நீர் பின்னோக்கிப் போகாமல் வெளியே கொட்டிவிடும். ஆனால் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும் தேய்வது வெளியே தெரியாது என்பதால், தகுதிபெற்ற சோதனையாளர் ஆண்டுக்கு ஒரு முறையாவது அளவிட்டுப் பார்த்து, அறிக்கையை நீர் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டடத்தை வாடகைக்கு எடுப்பவர்கள் இந்தச் சோதனைச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

விதிக்கு மாறாகப் பொருத்தியவர் மட்டுமல்ல, அப்படிப் பயன்படுத்துபவரும் குற்றத்துக்கு உள்ளாகலாம். அபராதம் 1,000 பவுண்டு வரை போகும். 1999 ஜூலைக்கு முன்பு சட்டப்படி பொருத்தியவற்றை மாற்றத் தேவையில்லை.