மருத்துவ அவநம்பிக்கை: ஒரு சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'மெடிக்கல் மிஸ்ட்ரஸ்ட்' என்று வழங்கும் கலைச்சொல்லைத் தமிழில் பெரும்பாலும் 'மருத்துவ அவநம்பிக்கை' என்று எழுதுகிறோம். கொரோனாக் காலத்தில் தடுப்பூசிச் செய்திகளோடு ஒட்டிக்கொண்டு அடிக்கடி கண்ணில் பட்ட தொடர் இது. மருத்துவர்மீது நம்பிக்கை இல்லாமை என்று பொருள் சொன்னால் பாதிதான் சரி. முன்பின் தெரியாத டாக்டரிடம் போகும்போது யாருக்கும் மனதில் கொஞ்சம் சந்தேகம் இருக்கும். அது இதில் சேராது. மருத்துவமனையும் அரசும் ஆராய்ச்சியாளர்களும் நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது செய்ய மாட்டார்கள், கெடுதல்கூடச் செய்வார்கள் என்று ஒரு சமூகமே எதிர்பார்த்து இருப்பதைத்தான் ஆய்வாளர்கள் இந்தப் பெயரால் குறிக்கிறார்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய ஆய்வுகளில் வேர்பிடித்த சொல் இது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குப் பெனிசிலின் கிடைத்த பிறகும் அதைத் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கதை பலருக்குத் தெரியும். பூர்வகுடிகளின் கதை அவ்வளவாகத் தெரியாது என்பதால் அதைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் சொல்லின் பிறப்பு. 'டிரஸ்ட்' வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. உறுதி, பற்றுக்கோடு என்பது அதன் பொருள். அதோடு 'மிஸ்' என்ற ஜெர்மானிய முன்னொட்டைச் சேர்த்தால் மிஸ்ட்ரஸ்ட். லத்தீன் வழி வந்த 'டிஸ்' சேர்ந்தால் டிஸ்ட்ரஸ்ட். இவற்றில் பின்னது கலப்புச் சொல். நம் 'அவநம்பிக்கை'யும் அப்படித்தான். 'அவ' வடமொழி முன்னொட்டு, 'நம்பிக்கை' தமிழ். 'நம்பு' என்பதற்குப் பழந்தமிழில் விருப்பம் என்று பொருள். 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது தொல்காப்பியம். விரும்புவதைக் குறித்த சொல் நாளடைவில் உறுதியாக ஏற்பதைக் குறிக்கத் தொடங்கியிருக்கிறது.

சரி, பூர்வகுடிகளுக்கு வருவோம். 1763-இல் வட அமெரிக்காவின் பிட் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர், பேச்சுவார்த்தைக்கு வந்த டெலவேர் என்ற பூர்வகுடி இனத்தாருக்கு இரண்டு போர்வைகளும் ஒரு கைக்குட்டையும் பரிசளித்தார்கள். அவை பெரியம்மை நோயாளிகள் கிடந்த இடத்திலிருந்து எடுத்தவை. கோட்டையிலிருந்த வணிகர் ஒருவரே தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். 'வெள்ளைக்காரன் நோயைக் கொண்டுவந்து கொடுக்கிறான்' என்று வட அமெரிக்கப் பூர்வகுடிகள் சொன்னால், அதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது.

அது பழங்கதை என்று ஒதுக்கலாம். 1976-இல் வந்த அமெரிக்க அரசின் தணிக்கை அறிக்கையை அப்படி ஒதுக்க முடியாது. பூர்வகுடிகளுக்கென அரசு நடத்தும் இந்தியன் ஹெல்த் சர்வீஸின் 12 மண்டலங்களில் நான்கை மட்டும் எடுத்துப் பார்த்ததிலேயே, 1973-க்கும் 1976-க்கும் இடையில் பெண்களுக்கு 3,406 கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்திருந்தன. ஒப்புதல் படிவங்கள் விதிப்படி இல்லை. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் செய்யக் கூடாது என்று தடை இருந்தும் 36 பேருக்குச் செய்திருந்தார்கள். அந்தப் பெண்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை தணிக்கையாளர்கள்.

அப்புறம் இரத்தம். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் மக்கள், தங்களிடையே பெருகிவரும் நீரிழிவுக்கு விடை கிடைக்கும் என்று 1990 தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். மனச்சிதைவு, உறவுக்குள் மணம், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது வரை, கேட்காமலே அதில் ஆராய்ச்சி நடந்தது. வழக்குப் போட்டு, 2010-இல் ஏழு லட்சம் டாலர் இழப்பீட்டோடு மிச்ச இரத்தத்தையும் திரும்பப் பெற்றார்கள். பிரேசிலின் யனோமாமி மக்கள் 1960களில் அமெரிக்க ஆய்வாளர்களுக்குக் கொடுத்த இரத்தம் 2015-இல்தான் ஊர் திரும்பியது. இறந்தவருடைய எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அமெரிக்காவின் குளிர்பதனப் பெட்டிகளில் அவர்களுடைய தாத்தா பாட்டிகளின் இரத்தம் அரை நூற்றாண்டு இருந்திருக்கிறது.

பெருந்தொற்று வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது கனடாவின் மனிட்டோபா மாகாணத்துப் பூர்வகுடி ஊர்கள் உதவி கேட்டன. கை சுத்தம் செய்யும் திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறதே, அதை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வது என்று அதிகாரிகள் யோசித்ததில் அது தாமதமானது. அதே ஆண்டு செப்டம்பரில் சில ஊர்களுக்கு வந்த மருத்துவப் பெட்டிகளில் பிணப்பைகள் இருந்தன. 2020-இல் கொரோனா வந்தபோது, அமெரிக்காவின் சியாட்டிலில் பூர்வகுடிகள் நடத்தும் மருத்துவ மையம் பாதுகாப்பு உடைகள் கேட்டது. அங்கேயும் வந்தது பிணப்பைகள்தான்! பூர்வகுடி நலவாழ்வு ஆய்வாளரான அபிகெயில் எக்கோ-ஹாக் அந்தப் பையிலிருந்தே தங்கள் மரபு உடை ஒன்றைத் தைத்துக் காட்டினார். இரண்டு முறையும் கவனக்குறைவு என்று வைத்துக்கொண்டாலும், பெட்டியைத் திறந்தவர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்?

இந்த மண்ணில்தான் புரளி முளைக்கிறது. தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற பேச்சு 2021-இல் உலகெங்கும் சுற்றியது. ஊசியைப் பற்றி அது பொய். ஆனால் 1970களில் தன் அத்தைக்கு என்ன நடந்தது என்று தெரிந்த பெண்ணின் காதில் அது வேறு மாதிரி விழும். பிரேசிலில் இன்னொரு கூத்து. தடுப்பூசி போட்டு முதலையாக மாறினால் அது உங்கள் பாடு என்று 2020 டிசம்பரில் பேசியவர் அந்நாட்டின் அப்போதைய அதிபர் போல்சனாரோவே. அடுத்த பிப்ரவரியில் அமேசான் காட்டின் ஜமமாடி ஊர் ஒன்றில், தடுப்பூசியோடு ஹெலிகாப்டரில் வந்திறங்கிய சுகாதாரப் பணியாளர்களை வில் அம்போடு விரட்டினார்கள் என்று செய்தி வந்தது. மதபோதகர்கள் சிலர் கிளப்பிவிட்ட பயம் என்று அப்பகுதித் தலைவர்கள் குற்றம்சாட்டினார்கள். உலகப் பத்திரிகைகளுக்கு வில் அம்புதான் தலைப்பாகக் கிடைத்தது.

புரளிக்கு நாம் சாதாரணமாகச் சொல்லும் 'வதந்தி' வடமொழி. 'சொல்கிறார்கள்' என்பதே அதன் நேர்ப்பொருள். யார் சொல்கிறார்கள் என்பது அதில் இல்லை. தமிழில் 'பிள்ளை பிறக்காதாம்' என்னும்போது கடைசியில் வரும் 'ஆம்' அதே வேலையைச் செய்கிறது. சங்க இலக்கியத்தில் இதற்கு அம்பல், அலர் என்று இரண்டு சொற்கள் உண்டு. வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது அம்பல், ஊரறியப் பேசுவது அலர். 'ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்' என்று அலரைப் பற்றிய அதிகாரத்தில் குறள் சொல்வது காதல் நோயைத்தான். ஆனாலும் ஊர்ப்பேச்சை எருவாக்கி நோய் வளர்க்கும் அந்த வரி பெருந்தொற்றுக்கும் பொருந்திப்போகிறது. இன்னொன்று: வதந்தி என்றாலே இன்று பொய் என்றாகிவிட்டது. அலர் அப்படியில்லை. தலைவியைப் பற்றி ஊர் பேசும் பேச்சுக்குக் கீழே நடந்த ஒன்று இருக்கும். பூர்வகுடிகளிடையே உலவும் நோய்ப் பேச்சுகளில் பலவும் இந்த வகை என்பது என் எண்ணம்.

இப்போது தமிழ் நிகரி. 'அவநம்பிக்கை' எல்லோருக்கும் புரியும். செய்தியில் அதையே வைக்கலாம், தவறில்லை. 'மூடநம்பிக்கை', 'அறியாமை' என்று மட்டும் மாற்றி எழுதிவிடக் கூடாது. சில தமிழ்ச் செய்திகளில் அப்படி வந்தது. பொருளையே தலைகீழாக்கும் மொழிபெயர்ப்பு அது. கலைச்சொல்லாக எனக்குப் பிடித்தது 'மருத்துவ ஐயுறவு'. 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்ற குறளில் ஆராயாமல் நம்புவதும் ஆராய்ந்து நம்பியபின் சந்தேகப்படுவதும் ஒன்றாகக் கண்டிக்கப்படுகின்றன. ஐயுறவு அங்கே தெளிவுக்கு எதிர்ச்சொல். ஆராய்ந்து பார்த்தால் நீங்கக்கூடிய ஒன்று.

அப்படி நீங்கியும் இருக்கிறது. இத்தனை நடந்த பிறகும் 2021-இல் அமெரிக்காவில் தடுப்பூசி போட்டுக்கொண்ட விகிதத்தில் முன்னணியில் நின்றவர்கள் பூர்வகுடிகள்தான். ஊசி யாருக்கு முதலில் என்பதைப் பழங்குடி அரசுகளே முடிவு செய்தன. செரோகீ தேசம் தன் மொழியைச் சரளமாகப் பேசும் முதியவர்களை வரிசையின் முன்னால் நிறுத்தியது. நவஹோ தேசம் 2002-இலேயே தன் எல்லைக்குள் மரபணு ஆராய்ச்சியை நிறுத்திவைத்த பழங்குடி அரசு. ஃபைசர் தடுப்பூசிச் சோதனைக்கு அதே நவஹோ தேசம், தன் ஆய்வு நெறிக் குழு பரிசீலித்த பிறகு, அனுமதி கொடுத்தது.

கடைசியாக, 'தடுப்பூசித் தயக்கம்' என்பது வேறு சொல், இதற்குப் பதிலாக அதைப் போடக் கூடாது. உலக சுகாதார நிறுவன நிபுணர் குழுவின் வரையறைப்படி, தடுப்பூசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தள்ளிப்போடுவதோ மறுப்பதோதான் தயக்கம். ஊசியே போய்ச் சேராத காட்டூரைத் தயங்கிய ஊர் என்று எழுதினால் பிழை.