வகைக்கெழு

ஒரு சார்பின் (ஓர் உள்ளீட்டுக்கு ஒரே மதிப்பைத் தரும் விதியின்) மதிப்பு, எடுத்துக்கொண்ட புள்ளியில் எந்த வீதத்தில் மாறுகிறது என்பதைச் சொல்வது வகைக்கெழு. ஆங்கிலவழி மாணவர்கள் டெரிவேட்டிவ் என்பார்கள்.

நீலகிரி மலை ரயில்பாதையைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தின் உயரம் சுமார் 326 மீட்டர், உதகையின் உயரம் சுமார் 2,203 மீட்டர், பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கி.மீ. ஏற்றமான 1,877-ஐ 46,000-ஆல் வகுத்தால் கிடைப்பது 0.041. இது சராசரி மாறுவீதம் மட்டுமே. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 மீட்டருக்கு 1 மீட்டர், அதாவது 0.083 வரை பாதை ஏறுகிறது. ரயிலின் பற்சக்கரம் பற்றி ஏறும் பற்சட்டம் இருப்பதும் அந்தப் பகுதியில்தான். உதகைக்கு முந்தைய நிலையமான லவ்டேலிலிருந்து உதகைக்கோ இறக்கம். அங்கே மதிப்பு குறை எண். இவை எதையும் 0.041 காட்டாது. குறிப்பிட்ட ஓரிடத்தில் சரிவு எவ்வளவு என்று கேட்டால்தான் வகைக்கெழு வருகிறது.

ஆனால் ஒரே இடத்தில் தூரமும் 0, ஏற்றமும் 0. 0/0-க்கு மதிப்பு இல்லை. எல்லை என்ற கருத்து இங்கேதான் கைகொடுக்கிறது: தூரத்தை 0 ஆக்காமல் 0-ஐ நெருங்கவிட்டு, விகிதம் எந்த எண்ணை நெருங்குகிறது என்று பார்க்கிறோம்; அந்த எண்தான் எல்லை. f(x) = x² என்ற சார்புக்கு x = 3-இல் வகைக்கெழு காண, h என்ற சிறு மாற்றத்தை எடுத்து, முதலில் f(3+h) − f(3) = 6h + h² என்று விரித்து, h-ஆல் வகுங்கள்: 6 + h. h = 0.1 எனில் 6.1, 0.01 எனில் 6.01, −0.01 எனில் 5.99. இரு பக்கமிருந்தும் 6-ஐ நெருங்குவதால் வகைக்கெழு 6. வகுத்துச் சுருக்குவதற்கு முன்பே h = 0 எனப் போடுவது ஒரு பிழை. f(3+h)-ஐ f(3) + h என்று எழுதுவது மற்றொன்று. |x| (குறியை நீக்கிய x-இன் அளவு) என்ற சார்புக்கு x = 0-இல் இடப்பக்கம் −1, வலப்பக்கம் +1 வரும்; இரண்டும் ஒத்துப்போகாததால் அங்கே வகைக்கெழுவே இல்லை.

எல்லை என்றதும் தாண்டக்கூடாத வேலி என்று நினைத்துவிடக் கூடாது. x sin(1/x) என்ற சார்பு, x பூச்சியத்தை நெருங்கும்போது தன் எல்லையான 0-ஐ எண்ணற்ற முறை கடந்து போகிறது. (sin x)/x-இன் எல்லை 1 என்பதைக் கால்குலேட்டரில் சோதித்து 0.01745 வந்தால் கணிதத்தில் பிழையில்லை. கருவி கோணத்தைப் பாகையில் (டிகிரியில்) அளக்கிறது, ரேடியன் என்ற கோண அலகுக்கு மாற்றுங்கள்.

டெரிவேட்டிவ் லத்தீன் வழிச் சொல். ஓடையிலிருந்து நீரைப் பிரித்துத் திருப்புவதே அதன் மூலப்பொருள். மூலச் சார்பிலிருந்து பெறப்பட்ட சார்பு என்ற கருத்தில் கணித அறிஞர் லக்ராஞ்சு 1797-இல் இதைப் பயன்படுத்தினார். வகைக்கெழுவைக் குறிக்கும் f′ என்ற குறியீடும் அவருடையதே. அதற்கு முன்பே, 1684-இல், ஜெர்மானியக் கணித அறிஞர் லைப்னிட்ஸ் மிகச்சிறு வேறுபாடுகளை வைத்து dx, dy என எழுதி வேறு வழியில் தொடங்கியிருந்தார். அந்த மரபில் வந்த பழைய ஆங்கிலப் பெயர் டிஃபரன்ஷியல் கோஎஃபிஷியன்ட். dy = f′(x) dx என்று எழுதும்போது dx-இன் கெழுவாக, அதாவது அதைப் பெருக்கும் காரணியாக, நிற்பது f′(x) என்பதே அந்தப் பெயருக்குக் காரணம். நம் வகைக்கெழு இந்தப் பெயரோடு பொருந்துகிறது. கெழு என்ற பகுதி அதில் மிகச் சரியாக அமைந்திருக்கிறது. வகை என்ற பகுதிதான் இடறுகிறது. இங்கே இனம் பிரிக்கும் வேலை எதுவும் நடப்பதில்லை, வேறுபாடுதான் கணக்கிடப்படுகிறது.

இலங்கைத் தமிழ் நூல்களில் இதற்குப் பெறுதி என்று பெயர். பெறப்பட்டது என்ற பொருளை நேராகத் தருவதால், சொல்லளவில் அதுவே மேலானது. தமிழ்நாட்டுப் பாடநூலும் தேர்வும் வகைக்கெழு என்றே எழுதுவதால் விடைத்தாளில் அதையே எழுதுங்கள். வகையிடல் என்பது செயல், வகைக்கெழு அதன் விளைவு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதாதீர்கள்.