பதிவுப் படிவத்துக்கு அருகில் எண் புதிர் விளையாட்டு: தளப் பொறுப்பாளர்கள் கவனத்துக்கு

மொரீஷியசில் கோவில் சங்கங்களும் மாலை நேரத் தமிழ் வகுப்புகளும் நடத்தும் இணையதளங்களைப் பராமரிப்பது என் தொழில். பிள்ளைகள் தளத்துக்கு அடிக்கடி வரவேண்டும் என்பதற்காக எண் கட்டங்களை நகர்த்திச் சேர்க்கும் 2048, சுடோக்கு போன்ற எண் புதிர்களைச் சேர்த்துத் தருமாறு பொறுப்பாளர்கள் கேட்கிறார்கள். நல்ல விருப்பம்தான். ஏதேனும் ஒரு விளையாட்டு லைப்ரரியின் (வேறொருவர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பின்) ஸ்கிரிப்ட் வரியை, அதாவது அந்த நிரலைப் பக்கத்துக்குள் அழைக்கும் வரியை, நகலெடுத்து ஒட்டினால் ஆட்டம் வந்துவிடும். ஆனால் அந்த ஒற்றை வரி, முன்பின் தெரியாத ஒருவரின் நிரலுக்கு நம் பக்கத்தின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறது.

ஒரு வகுப்பின் தளத்தில் மாணவர் பதிவுப் படிவமும் 2048 ஆட்டமும் ஒரே பக்கத்தில் இருந்தன. பெயர்ப் பெட்டியில் சில எழுத்துகள் விழுவதில்லை என்று பெற்றோர் சொன்னார்கள். வீராசாமி என்ற குடும்பப் பெயரை இங்குள்ள வழக்கப்படி ஆங்கில எழுத்தில் அடித்தால், 9 எழுத்துகளில் 5 மட்டுமே பதிவாயின. ஆர், ஏ, எஸ் ஆகியவை காணாமல் போயின. 2014இல் திறந்த உரிமத்தில் வெளியான 2048இன் மூல நிரல், அம்புக்குறி விசைகளோடு டபிள்யூ, ஏ, எஸ், டி போன்ற எழுத்து விசைகளையும் நகர்த்தலுக்கு வைத்துக்கொள்கிறது. ஆர் விசை ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும். தனிப் பக்கத்தில் ஓடும் ஆட்டத்துக்கு அது பொருத்தமான ஏற்பாடே. படிவம் உள்ள பக்கத்திலோ, முழு ஆவணத்தின் விசைகளையும் அதுவே முதலில் பிடித்துக்கொள்கிறது.

விசையைத் தடுக்க முடிந்த நிரலால் அதைப் படிக்கவும் முடியும் என்பதே என் உண்மையான கவலை. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் அதன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இன்று நல்ல நிரலாக இருப்பது நாளை கைமாறலாம். பழைய உலாவிகளுக்கு உதவும் ஸ்கிரிப்டைப் பல தளங்களுக்கு வழங்கிவந்த பாலிஃபில்.ஐஓ என்ற டொமைன் (இணைய முகவரி) 2024 பிப்ரவரியில் வேறொரு நிறுவனத்திடம் போனது. ஜூன் மாதத்தில், அதன் ஸ்கிரிப்டைச் சேர்த்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் வழியாகத் தீய நிரல் பரவியது தெரியவந்தது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 16 வயதுக்குட்பட்டோரின் தனிப்பட்ட தகவலைக் கையாளப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதலைக் கேட்கிறது. அந்த ஒப்புதலைப் பெற்றோர் வகுப்புக்குத்தான் தருகிறார்கள், விளையாட்டை எழுதியவருக்கு அல்ல.

ஆகவே ஆட்டத்தை ஐஃப்ரேமுக்குள் (iframe, பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைக் காட்டும் சட்டகம்) வைத்து, அதன் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சாண்ட்பாக்ஸ் (sandbox) பண்பில், நிரலை ஓட விடும் அலோ-ஸ்கிரிப்ட்ஸ் (allow-scripts) என்ற அனுமதியை மட்டும் கொடுங்கள். ஆட்டம் ஓடும், வெளியே உள்ள படிவத்தையோ குக்கியையோ (தளம் உலாவியில் வைக்கும் சிறு தகவல்) அதனால் தொட முடியாது, படிவத்தில் தட்டும் விசைகளும் அதற்குப் போகா. இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த நிலையில் லோக்கல் ஸ்டோரேஜை (தளம் தகவல்களைச் சேமிக்க உலாவி தரும் இடம்) அணுக உலாவி விடாது என்பதால், அதிகபட்ச மதிப்பெண்ணைச் சேமிக்க முயலும் லைப்ரரி பிழை காட்டி நின்றுவிடலாம்; கட்டம் வெறுமையாகத் தெரியலாம். உடனே, உள்ளே இருப்பதை அதன் சொந்த டொமைனின் பக்கமாகவே நடத்தச் சொல்லும் அலோ-சேம்-ஆரிஜின் (allow-same-origin) என்ற அனுமதியையும் சேர்த்துவிடுகிறார்கள். ஆட்டத்தின் கோப்புகள் நம் டொமைனிலேயே இருந்தால், இரண்டு அனுமதிகளும் சேர்ந்த பிறகு உள்ளே இருக்கும் நிரல் சாண்ட்பாக்ஸ் பண்பையே நீக்கிவிட முடியும். பாதுகாப்பு பெயரளவில்தான் மிஞ்சும். மதிப்பெண்ணைச் சேமிக்கும் பகுதியை நீக்கிவிடுவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் பிள்ளைகளுக்கு அது இல்லாமலும் ஆட்டம் ஆட்டமாகவே இருக்கிறது. கட்டாயம் வேண்டுமென்றால் கோப்புகளைத் தனியான துணை டொமைனில் (நம் முகவரியின் கீழ் வரும் வேறொரு முகவரியில்) வையுங்கள்.

கோப்புகளை வெளியிலிருந்து நேரடியாக இழுக்காமல், உரிமத்தைப் படித்துப் பார்த்து, நம் சர்வரிலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால் கோப்பின் அடையாளக் குறியைச் சரிபார்க்கும் இன்டெக்ரிட்டி (integrity) பண்பைச் சேருங்கள்; கோப்பு ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதை ஓட்டாது. ஆனால் அந்தக் கோப்பு பிறகு இழுத்துவரும் பிற கோப்புகளை இது காக்காது. எனவே பக்கத்தை வெளியிடும் முன் உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஒரு முழு ஆட்டம் ஆடி, நமக்குத் தெரியாத டொமைன் எதற்காவது கோரிக்கை போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.