பேட்டரி இல்லாத பேனாவின் ரீங்காரம்

மகளுக்கு வரையும் டேப்லெட் வாங்கிக் கொடுத்த வாசகி ஒருவர் கேட்கிறார்: "பேனாவில் வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஆனால் அவள் எவ்வளவு அழுத்தி வரைகிறாள் என்பதுவரை கணினிக்குத் தெரிகிறதே, எப்படி?"

1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் உருவாக்கிய டேப்லெட்டில் பேனாவுக்கு வயர் இருந்தது. சுமார் 10 அங்குலச் சதுரப் பலகை, அங்குலத்துக்கு 100 கம்பிகள், விலை 18,000 டாலர். அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா அமைப்பு. உடனே லாபம் கேட்காத இத்தகைய பணம் நம் ஆய்வுக்கூடங்களுக்கும் தாராளமாக வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வரைபடத்தில் புள்ளிகளைக் குறிக்கும் பொறியாளருக்குத் துல்லியம் இருந்தால் போதும். ஓவியரின் கை அப்படியில்லை. மணிக்கட்டைச் சுழற்றும்போது வயர் இழுக்கும். பேட்டரி வைத்தால் பேனா தடித்துக் கனக்கும். 1983-இல் ஜப்பானின் சைதாமாவில் தொடங்கிய வாகோம் என்ற டேப்லெட் நிறுவனம், அடுத்த ஆண்டே வயரில்லாத பேனாவைக் கொண்டுவந்தது. பேட்டரியே இல்லாமல் அழுத்தத்தையும் சொல்லும் பேனா அப்புறம் வந்தது.

சரி, அது எப்படி வேலை செய்கிறது? கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்த கை விலகிய பிறகும் ரீங்காரம் நிற்பதில்லை. பேனாவுக்குள் ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மின்சார மணி. அதற்கென்று ஒரு சுருதி உண்டு. பலகைக்கு அடியில் வரிசையாகக் கம்பி வளையங்கள். ஒரு வளையத்தில் அதே சுருதியில், அதாவது வினாடிக்குப் பல லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாயும். அதன் காந்தப்புலம் பேனாவின் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். சுமார் 20 மைக்ரோ வினாடியில் (ஒரு மைக்ரோ வினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பலகை அனுப்புவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளும். பேனா இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருக்கும்! பலகை கொடுத்த ஆற்றலே பேனாவின் குரலாகத் திரும்பி வருகிறது.

பேனாவுக்கு நேர் கீழே உள்ள வளையத்தில் அந்தக் குரல் பலமாகக் கேட்கும், பக்கத்து வளையங்களில் மெலிந்து கேட்கும். எது எவ்வளவு மெலிந்தது என்று ஒப்பிட்டால், இரண்டு வளையங்களுக்கு நடுவே பேனா நிற்கும் இடம்கூட மில்லிமீட்டரின் சிறு பங்குவரை தெரிந்துவிடும். பேனா சாய்ந்திருந்தால் குரல் ஒரு பக்கமாகச் சரியும்; சாய்வும் கிடைத்துவிடும்.

இனி அழுத்தம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முனையை அழுத்தும்போது அது உள்ளே இருக்கும் மின்தேக்கியின் தேக்கும் திறனை மாற்றுகிறது. சுருதி இம்மி பிசகுகிறது. எவ்வளவு பிசகியது என்று கேட்டே பலகை கோட்டைத் தடிப்பாக்குகிறது. இன்றைய பேனாக்கள் பலவற்றில் 8192 அழுத்த நிலைகள் உண்டு. பின்முனையில் ரப்பர் உள்ள பேனாக்களில், அந்த முனைக்கு வேறு சுருதி. எந்த முனை தொடுகிறது என்று பலகை அதைக் கேட்டே அறியும்.

வாகோமின் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியான பிறகு, ஹுயான் போன்ற நிறுவனங்களும் பேட்டரியில்லாப் பேனாவைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. மாணவர்களுக்கு இது பெரிய வரம்.

வழுவழுப்பான பரப்பில் கோடு கைக்கு அடங்காது, காகிதத்தின் உராய்வு வேண்டும் என்பது ஓவியர்களின் இன்னொரு தேவை. அதனால்தான் பலகையில் மெல்லிய சொரசொரப்பு வைக்கிறார்கள். அந்தச் சொரசொரப்பில் பேனா முனை தேயும். உங்கள் மகளின் பேனா முனை ஒருபக்கமாகக் கூராகியிருந்தால், பெட்டியில் மாற்று முனைகள் இருக்கும், பாருங்கள்.