கிரிமினாலஜி (குற்றவியல்) எம்.ஏ. சேர நினைப்பவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும்

டிகிரி ரிசல்ட் வரும் மாதங்களில் எனக்கு வரும் போன்களில் இந்தக் கேள்விதான் அதிகம்: "பொண்ணு கிரிமினாலஜி எம்.ஏ. படிக்கணும்னு நிக்கிறா மேடம். படிச்சா போலீஸ்ல எஸ்.ஐ. ஆயிடலாமா?"

படித்ததாலேயே ஆகிவிட முடியாது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.காம். படித்தவரும் தமிழ் இலக்கியம் படித்தவரும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். உயரம், ஓட்டம், எழுத்துத் தேர்வு எல்லாம் எந்தப் பட்டம் படித்தவருக்கும் ஒன்றுதான். காக்கிச் சட்டை மட்டும்தான் ஆசை என்றால் இரண்டு வருஷத்தையும் பணத்தையும் இதில் போட வேண்டாம், நேராகத் தேர்வுக்குத் தயாராகலாம்.

அடுத்து, ரத்தக்கறை, டி.என்.ஏ., கைரேகை என்று கண்கள் விரியக் கேட்கும் பிள்ளைகள். அவர்கள் தேடுவது தடய அறிவியல். அதற்கு வேதியியலோ உயிரியலோ இயற்பியலோ அடித்தளம் வேண்டும். சென்னைக்கு அதில் பழைய உறவு உண்டு. சந்தேக மரணங்களில் நஞ்சைக் கண்டறிய நாட்டிலேயே முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-ல் அன்றைய சென்னை மாகாணத்தில்தான் அமைந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. அறிவியல் மாணவர்களுக்கு இது நல்ல செய்தி. பி.ஏ. சமூகவியல் படித்துவிட்டு கிரிமினாலஜி வழியாக அந்த ஆய்வகத்துக்குள் போய்விடலாம் என்று நினைத்துச் சேராதீர்கள்.

அப்படியானால் இந்தப் படிப்பு எதற்கு? போலீஸ் கைது செய்து, எஃப்.ஐ.ஆர். போட்டு, கோர்ட்டில் நிறுத்தியதோடு ஊருக்குச் செய்தி முடிந்துவிடுகிறது. அந்த மனிதருக்கும், அவரால் பாதிக்கப்பட்டவருக்கும், இரண்டு குடும்பங்களுக்கும் அதன் பிறகுதான் எல்லாமே தொடங்குகிறது. கிரிமினாலஜி படித்தவருக்கான வேலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நான் இதே படிப்பைப் படித்துவிட்டு, பல ஆண்டுகளாகச் சட்டத்துடன் முரண்பட்ட சிறார்களுக்கான (குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 18 வயதுக்கு உட்பட்டவர்கள்) சமூக விசாரணை அறிக்கை எழுதும் வேலையில் இருக்கிறேன். அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

18 வயது நிரம்பாத ஒரு பையன், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டால், முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் அவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை குழுமத்துக்குப் போக வேண்டும் என்கிறது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். நன்னடத்தை அலுவலர் எழுத வேண்டும். அவர் இல்லாத இடத்தில் குழந்தை நல அலுவலரோ சமூகப் பணியாளரோ எழுதலாம். அதே சட்டத்தின் 74-வது பிரிவு சிறாரின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்கிறது. அதனால் நான் சொல்லப்போவது ஏதோ ஒரு வீட்டின் கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல வீடுகளில் பார்த்ததை ஒன்றாக்கிச் சொல்கிறேன்.

பதினாறு வயது. செல்போன் பறிப்பு. வந்த காகிதங்களில் அவனைப் பற்றி நாலு வரி. வீடு பெரும்பாக்கம் குடியிருப்பில், ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. பாட்டி மாத்திரை வாங்க மட்டும்தான் கீழே இறங்குகிறார். என்னைப் பார்த்ததும் அவருடைய முதல் கேள்வி, "நீ போலீஸாம்மா?" அம்மாவுக்கு வேலை இன்னும் பழைய இடத்துப் பக்கத்தில்தான், விடியக்காலை பஸ் ஏறினால் ராத்திரி ஆகிவிடும். சென்னை ஆற்றங்கரையிலிருந்து குடும்பத்தை அரசு இங்கே கொண்டுவந்தது பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த நடு வருஷத்தில். பையன் இரண்டு பஸ் மாறிக் கொஞ்ச நாள் பழைய பள்ளிக்கே போயிருக்கிறான். அப்புறம் நின்றுவிட்டான். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்பதே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இதை "பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர், பெற்றோர் கண்காணிப்பு இல்லை" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு குழுமம் என்ன செய்யும்? எந்த மாதம் நின்றான், நின்றதற்கும் பிடிபட்டதற்கும் நடுவில் பகல் முழுக்க எங்கே இருந்தான், யாரோடு இருந்தான், பழைய பள்ளியில் டி.சி. யாரிடம் கேட்க வேண்டும், இங்கே நடந்து போகும் தூரத்தில் எந்தப் பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்ளும் என்று எழுதினால்தான் செய்யக்கூடிய ஓர் உத்தரவு வரும். அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு எழுதுவது இன்னும் நல்லது.

அறிக்கைப் படிவத்தில் அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்று எழுத ஓர் இடம் உண்டு. புதிதாக வரும் பயிற்சி மாணவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போவார்கள். "இந்தப் பையன் எப்படிங்க?" என்று கேட்ட அடுத்த நிமிஷம், அதுவரை விஷயம் தெரியாத வீட்டுக்கும் தெரிந்துவிடும். ஒருவருக்கு ஊர் ஒரு முத்திரை குத்திவிட்டால், அவர் அடுத்துச் செய்வதை அந்த முத்திரையே தள்ளிக்கொண்டு போகும் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963-ல் விளக்கினார். வகுப்பில் அதைப் பரீட்சைக்காகப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த மாடிப்படியில் நிற்கும்போது, எந்தக் கதவைத் தட்டலாம், எதைத் தட்டக் கூடாது என்று அதுதான் சொல்லித் தருகிறது. நான் அட்டையைப் பைக்குள் வைத்துவிடுவேன். பையனும் அம்மாவும் யாரிடம் கேட்கலாம் என்று பெயர் சொல்கிறார்களோ, அவர்களிடம் மட்டும் பேசுவேன்.

இன்னொன்று. குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தபோதும் சில பகுதிகளில் இளையோர் குற்ற விகிதம் மாறாமல் நின்றதை அமெரிக்காவின் சிகாகோவில் கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆளைவிட இடத்தின் நிலைமையைப் பாருங்கள் என்பது அவர்கள் வாதம். இதை அப்படியே எடுத்து நம் ஊர்க் குடியிருப்புகள் மேல் ஒட்டிவிடக் கூடாது. இங்கே குடும்பங்களை இடம் மாற்றியதே அரசுதான். தவிர, ஒரு பகுதியில் வழக்கு அதிகம் என்றால் அங்கே போலீஸ் அதிகமாக நிற்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றை மட்டுமே எண்ணிக்கையில் சேர்க்கிறது என்பது தெரியாமல் பத்திரிகைத் தலைப்பைப் படித்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். அதனால் புள்ளியியல் பேப்பரைப் பார்த்துப் பயந்து ஒதுங்காதீர்கள். இந்தப் படிப்பில் உங்களுக்குச் சோறு போடப்போவது அதுவாகவும் இருக்கலாம்.

சிறைப் பக்கம் பார்த்தால், 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையிலேயே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு சொல்கிறது. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. கோர்ட்டுக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருக்கு. ஆனால் யாருக்கு நாள் முடிந்தது என்று தேதி பார்த்துக் கணக்கெடுக்க, புழல் மாதிரி பெரிய சிறைகளில் சட்டமும் தெரிந்த, கைதியோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசவும் தெரிந்த ஆட்கள் வேண்டும். பாதிக்கப்பட்டவர் பக்கமும் இதே நிலைதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020-ம் ஆண்டு விதிகளின்படி, விசாரணை தொடங்கி வழக்கு முடியும் வரை குழந்தையோடு கூட வருவதற்கு ஓர் ஆதரவு நபரைக் குழந்தை நலக் குழு நியமிக்கலாம். இழப்பீட்டுக்கு எங்கே மனுப் போட வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன.

இவ்வளவு தேவை இருக்கிறதே, வேலை உடனே கிடைக்குமா என்று கேட்டால், அங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். அறிவிப்பாணையில் இருக்கும் தகுதி வரியை எழுத்துக்கு எழுத்து படிக்க வேண்டும். ஓர் உதாரணம்: இளைஞர் நீதிக் குழுமத்தில் உறுப்பினராகும் சமூகப் பணியாளருக்குச் சட்டம் சொல்லும் பட்டங்கள் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம். கிரிமினாலஜி அந்தப் பட்டியலில் இல்லை. குழந்தைகளுக்கான சுகாதாரம், கல்வி, நலப் பணிகளில் 7 ஆண்டு ஈடுபட்டிருந்தால் அந்த வழியில் வரலாம். இளைஞர் நீதிக்காகவே உள்ள அமைப்பில் இப்படி என்பது எனக்கு வருத்தம்தான், மாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அதுவரை, சட்டம் படித்துவிட்டு இந்த முதுகலைக்கு வருபவர்களுக்கும், சமூகவியலோ சமூகப் பணியோ உளவியலோ இளங்கலையில் வைத்திருப்பவர்களுக்கும் கதவுகள் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும்.

பட்டத்தின் பெயரையும் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் இரண்டு வார்த்தை கூட. டி.என்.பி.எஸ்.சி. கேட்கும் பெயரும் உங்கள் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டும் சமம் என்று சொல்லும் அரசாணையை நீங்கள்தான் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் இதனால் வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும். சேரும் முன்பே துறை அலுவலகத்தில் அந்த அரசாணை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மாதிரியான இடங்களில் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிதான். வீட்டில் கடன் இருக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்த விரும்பினால் நெட் தேர்வில் கிரிமினாலஜிக்குத் தனிப் பாடம் உண்டு, குறியீடு 68. சென்னையில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் மோசடி, கருப்புப்பண அறிகுறிகளைக் கண்காணித்துக் கொடுக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. என்னோடு வேலை பார்த்த சில பிள்ளைகள் அங்கே போய் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

எங்கே படிப்பது? சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை இருக்கிறது. 1970-ல் தொடங்கிய இந்தியக் குற்றவியல் சங்கத்துக்கும் அதுதான் வீடு. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சிறை, சீர்திருத்தப் பணிகளை நெடுங்காலமாகச் சொல்லித் தருகிறார்கள். தொலைநிலைக் கல்வியில் படிப்பதை, ஏற்கெனவே போலீஸிலோ சிறைத் துறையிலோ வக்கீலாகவோ இருப்பவர்களுக்கு மட்டும்தான் நான் சொல்வேன். களப்பணி இல்லாமல் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது.

மனசு தாங்குமா என்பதையும் முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு நடந்ததைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியிருக்கும், அதைச் செய்தவரின் அம்மாவோடும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். தூக்கம் கெட்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், ஆலோசகரைப் பாருங்கள். பொறுத்துக்கொண்டே போய் இரண்டாவது வருஷத்தில் வேலையை விட்டுப் போன நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு நாள் எழும்பூர் நீதிமன்றத்துக்குப் போய் உட்காருங்கள். சிறார் வழக்கு, போக்சோ மாதிரி சிலவற்றைத் தவிர குற்ற வழக்குகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன, யாரும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். போனை அணைத்துவிட்டு, காலை பத்தரையிலிருந்து மதியம் வரை. ரிமாண்டுக்குக் கொண்டுவரப்படுகிறவர் யார், அவரோடு யார் வந்திருக்கிறார்கள், யாருமே வராதவர்கள் எத்தனை பேர் என்று கவனியுங்கள். அதன் பிறகும் சேர வேண்டும் என்று தோன்றினால், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் துறைக்குப் போய் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் நாலு விஷயம் விசாரியுங்கள்: களப்பணி வாரத்தில் எத்தனை நாள், சிறைக்குள்ளும், விசாரணையில் இருக்கும் சிறார்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குள்ளும் போக உண்மையிலேயே அனுமதி வாங்கித் தருகிறார்களா, களப்பணியில் மேற்பார்வை பார்ப்பவர் யார், போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்.