முறிகண்டியில் குணமாகும் லொறி

"சேர், லொறி வவுனியாவில நல்லா வெளிக்கிடுது. கனகராயன்குளம் தாண்ட மிஸ் அடிக்கத் தொடங்குது. மாங்குளத்தில இருமி இருமித்தான் ஓடுது. முறிகண்டியில நிப்பாட்டி, தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பி ஏறினா கிளிநொச்சி மட்டும் ஒரு குறையும் இல்லை. பிளக் ஆறும் புதுசு. அம்மா பிள்ளையார் எண்டுறா. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

தகப்பன் விட்டுப்போன பழைய பெற்றோல் பெட்ஃபோர்ட் லொறியை இன்னும் விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரின் கேள்வி. அம்மா பார்த்தது சரிதான், வழிப்பிள்ளையார் கோயில் இருக்கும் முறிகண்டியில்தான் லொறி குணமாகிறது. காரணத்தில்தான் எனக்கு வேறு கருத்து. அரை மணித்தியாலம் நின்றதில் எஞ்சின் ஆறியது. சூட்டில் மயங்கி, ஆறியதும் தெளிகிற ஒரு சாமான் உள்ளே இருக்கிறது.

காற்றும் பெற்றோலும் கலந்து உள்ளே போய், அமுங்கி, பிளக்கின் பொறி பட்டு எரிந்து, புகையாய் வெளியேறுவதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எரிய வேண்டிய வேளையில் எரியாவிட்டால் மிஸ். முதலில் பார்க்க வேண்டியது, ஒரே சிலிண்டர்தான் மிஸ் அடிக்கிறதா, எல்லாமே மாறி மாறி அடிக்கின்றனவா என்பது. எஞ்சின் ஓட ஓட, இறப்பர் பிடியுள்ள குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கனவே செத்திருக்கிறது. அப்படியானால் பிளக், வயர், வால்வு என்று தேடலாம். இவருடைய லொறியில் ஆறுமே முறை வைத்து மிஸ் அடிக்கின்றன. ஆறுக்கும் பொதுவானவை இரண்டு கம்பிச் சுருளால் வோல்ற்றை உயர்த்தும் கொயில், பொயின்ற், கொண்டென்சர், பிறகு பெற்றோல் வரும் வழி.

பொயின்ற் என்பது, பொறியைப் பிளக்குகளுக்கு முறைப்படி பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்னச் சுவிச். மூடியிருக்கும்போது பற்றரியின் 12 வோல்ற் கொயிலுக்குள் மூன்று, நான்கு அம்பியர் மின்னோட்டத்தை அனுப்பிக் காந்தப் புலத்தை வளர்க்கும். மின்சாரம் பாயும்போதுதான் பொறி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பொறி பிறப்பது அதை அறுக்கும்போது. காந்தப் புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ற் என்று 1831இல் பரடே கண்ட விதிதான் காரணம். போர்க்காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட வன்னிச் சனத்துக்கு இந்த விதியை நான் சொல்லத் தேவையில்லை. சுற்றும் கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துவிடும்.

ஆனால் மின்னோட்டம் அறு என்றவுடன் அறுந்துவிடாது. வயலில் மடை கட்டியவர்களுக்கு இது தெரியும். ஓடும் வாய்க்காலில் மண் போட்டு மறிக்கிறீர்கள். போட்ட மண் இறுகுவதற்குள் பின்னால் வரும் தண்ணீர் அதை அரித்துக்கொண்டு போய்விடும். பக்கத்தில் ஒரு சின்னக் கிடங்கு இருந்தால், தண்ணீர் அதை நிரப்பிக்கொண்டு நிற்கும் நேரத்தில் நீங்கள் இன்னும் இரண்டு மண்வெட்டி மண் போட்டு மடையை இறுக்கிவிடலாம்.

அந்தக் கிடங்குதான் கொண்டென்சர். பொயின்ற் திறக்கத் தொடங்கும் கணத்தில் இடைவெளி தலைமயிர் அளவுகூட இல்லை. கொண்டென்சர் இல்லையென்றால் மின்னோட்டம் அதைத் தாண்டித் தீயாகப் பாயும், முனை கருகும், காந்தப் புலம் மெல்ல மெல்ல இறங்கும். மெல்ல இறங்கினால் வோல்ற் இல்லை. கொண்டென்சர் அந்த ஓட்டத்தைத் தான் வாங்கி நிரம்புகிறது. அதற்குள் பொயின்ற் பாதுகாப்பான தூரம் விலகிவிடுகிறது, புலம் பொத்தென்று விழுகிறது. முதற்சுருளில் 200, 300 வோல்ற் எழும். இரண்டாம் சுருளில் சுற்றுகள் ஏறத்தாழ நூறு மடங்கு என்பதால் பிளக்கில் 20,000 வோல்ற் அளவில் கிடைக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும் ஆறு சிலிண்டர் எஞ்சினில் இந்தக் கூத்து செக்கனுக்கு 100 தடவை. இத்தனைக்கும் கொண்டென்சரின் கொள்ளளவு 0.2 மைக்ரோபரட் போல, பருமன் சுண்டுவிரல் நுனி அளவு!

இந்த முறையைக் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கடிலாக் கார்களுக்கு அமைத்துக் கொடுத்தவர் சார்ள்ஸ் கெற்றரிங். பிறகு ஜெனரல் மோட்டோர்ஸின் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார். பெட்ஃபோர்ட்டும் அதே ஜெனரல் மோட்டோர்ஸ் வீட்டுப் பிள்ளைதான். எங்கள் உயர்தர மாணவர்கள் தூண்டல் சமன்பாட்டைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள், ஒரு பொறியைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு கொயில் வாங்க எந்தத் திட்டத்தின் நிதிக்காகக் காத்திருக்கிறோமோ தெரியவில்லை.

சூட்டுக்கு வருகிறேன். பழைய கொண்டென்சர் என்பது உலோகத் தாளையும் மெழுகுக் கடதாசியையும் சேர்த்துச் சுருட்டிய சுருள். வயதாக ஆகக் கடதாசி ஈரம் குடிக்கும், சூடேறும்போது அதனூடாக மின் கசியும். கிடங்கில் ஓட்டை. ஆறினால் கசிவு குறையும், லொறி திருந்தியதுபோல நடிக்கும். பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்து "பொறி வருது" என்று ஏமாறவும் வேண்டாம். சிலிண்டருக்குள் அமுங்கிய காற்றைத் தாண்டப் பொறிக்கு இன்னும் கூடிய வோல்ற் வேண்டும். அதனால்தான் பாரம் ஏற்றி மிதிக்கும்போது மிஸ் முதலில் தெரிகிறது.

எனவே அடுத்த முறை மிஸ் அடிக்கும் இடத்திலேயே நிறுத்துங்கள், முறிகண்டிவரை இழுக்க வேண்டாம். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பொயின்றைப் பாருங்கள். ஒரு முனையில் குழியும் மறுமுனையில் மேடுமாக இருந்தால் கொண்டென்சரில்தான் என் சந்தேகம். கொயிலின் நடு வயரை எஞ்சின் உடம்பிலிருந்து ஆறு மில்லிமீற்றர் தள்ளிப் பிடித்து ஸ்ராட்டரை அடியுங்கள், பக்கத்தில் பெற்றோல் கசிவு இல்லையென்று பார்த்துக்கொண்டு. தடித்த நீலப் பொறி சடசடவென்று வந்தால், பெற்றோல் குழாய் சூட்டில் ஆவி கட்டுகிறதா என்று தேடுங்கள். மெலிந்து மஞ்சளாக வந்தால் கொண்டென்சரை மாற்றுங்கள். புதுச் சாமான் என்று கடையில் தருவதையும் கண்மூடி நம்பாதீர்கள். இலத்திரனியல் கடையில் 0.22 மைக்ரோபரட், 630 வோல்ற் பிலிம் கொண்டென்சர் கிடைக்கும். அதை எஞ்சின் சூடு படாமல் வெளியே பூட்டினாலும் வேலை செய்யும். மாற்றிய பிறகும் அதே கனகராயன்குளத்தில் இருமினால், அடுத்தது கொயில்.